கறுப்பு உடைக்கு அபராதம்

போலந்தின் கதை – அத்தியாயம் 14

1863-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் வார்சா நகரத்துப் பெண்களுக்கு ஓர் உத்தரவு வந்தது. இனி யாரும் கறுப்பு உடுத்தித் தெருவில் வரக்கூடாது. மீறினால் அபராதம். நடந்து வருகிறவருக்கு ஒரு தொகை, வாடகை வண்டியில் வருகிறவருக்கு அதைவிடக் கூடுதல், சொந்த வண்டியில் வருகிறவருக்குப் பல மடங்கு. பெற்றோரோ கணவரோ உண்மையிலேயே இறந்திருந்தால் போலீசில் அனுமதி வாங்கிக்கொண்டு துக்கம் காக்கலாம்.

உத்தரவு போட்டவர் ஜெனரல் பெர்க். ரஷ்ய ஜாரின் பிரதிநிதியாக வார்சாவில் இருந்தவர். அவருக்கு வேறு வேலை இல்லாமல் இல்லை. காடுகளுக்குள் கிளர்ச்சிப் படைகள் திரிந்துகொண்டிருந்தன. நகரத்துக்குள்ளேயே பெயரோ விலாசமோ தெரியாத ஒரு ரகசிய அரசாங்கம் முத்திரை குத்தி உத்தரவு அனுப்பிக்கொண்டிருந்தது, வரிகூட வசூலித்தது. அத்தனை தலைவலிக்கு நடுவிலும் ஒரு ஜெனரல் பாவாடையின் நிறத்தைப் பார்த்தார் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். பின்னாளில் இந்தக் கிளர்ச்சியைப் பற்றி எழுதிய பலரைவிட பெர்க்குக்கு நிலைமை நன்றாகப் புரிந்திருந்தது என்பது என் கணிப்பு.

சென்ற அத்தியாயத்தில் 1863 ஜனவரியில் ஒரு நடு இரவில் வார்சா வீடுகளின் கதவு தட்டப்பட்டதைப் பார்த்தோம். ரஷ்ய ஆட்சியின் சிவில் நிர்வாகத் தலைவர் வியெலோபோல்ஸ்கி பட்டியல் போட்டுக் கட்டாய ராணுவச் சேர்ப்பு நடத்தினார். பட்டியலில் இருந்த இளைஞர்களில் பலர் முன்கூட்டியே கம்பினோஸ் காட்டுக்குத் தப்பினார்கள். ஜனவரி 22 இரவு கிளர்ச்சி வெடித்தது. பையன்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். வீட்டில் மிஞ்சியவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

அதற்கு இரண்டரை ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1860 ஜூன் 11 அன்று வார்சாவில் ஒரு மூதாட்டியின் சவ ஊர்வலம் நடந்தது. பெயர் கத்தஜினா சோவின்ஸ்கா. 1831 கிளர்ச்சியில் வோலா கோட்டையைக் காத்து மடிந்த ஒற்றைக்கால் ஜெனரல் சோவின்ஸ்கியின் விதவை. அந்த அம்மாள் புராட்டஸ்டண்டு. பின்னால் நடந்த கூட்டத்தில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர். சவ ஊர்வலத்துக்கு யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதை வார்சா அன்று கண்டுகொண்டது. பொதுக்கூட்டம் போட முடியாத ஊரில் சாவுதான் பொதுக்கூட்டம் ஆனது.

1861 பிப்ரவரி 27 அன்று ரஷ்யப் படை ஊர்வலத்தின்மேல் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். பேராயர் ஃபியால்கோவ்ஸ்கி தேசிய துக்கம் அறிவித்தார். போலந்தின் பழைய நிலப்பரப்பு முழுவதும், ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா என எந்த ஆட்சியில் இருந்தாலும், பெண்கள் கறுப்பு உடுத்த வேண்டும். கல்யாண நாளில் மட்டும் வெள்ளைக்கு விலக்கு. காலவரையறை எதுவும் சொல்லப்படவில்லை.

அன்றுமுதல் நடனமும் விருந்தும் நின்றன. தங்கத்தையும் முத்தையும் கழற்றி வைத்தார்கள். பலர் தேசிய நிதிக்கே கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக இரும்பிலும் எருதின் எலும்பிலும் கறுப்புக் கண்ணாடியிலும் நகைகள் வந்தன. சங்கிலி வடிவத்தில் வளையல், முள்முடி வடிவத்தில் பதக்கம், கழுத்தில் தேதி பொறித்த சிலுவை. சுடப்பட்ட ஐவரின் உடல்களைக் கரோல் பையர் என்பவர் படம் எடுத்திருந்தார். கைக்கு அடக்கமான அந்தப் படங்கள் வீடு வீடாகப் போயின. வசதியுள்ளவர் புதுக் கறுப்பு உடை தைத்தார். இல்லாதவர் இருந்த துணியைச் சாயத்தில் தோய்த்தார். அந்தக் காலத்து நாகரிகப்படி பாவாடை குடைபோல் விரிந்திருக்கும். உள்ளே வளைய வளையமாகக் கூடு. அந்தக் கூட்டை மட்டும் யாரும் விடவில்லை. அது எதற்குப் பயன்பட்டது என்பது பிறகு.

எல்லோரும் மனமுவந்து கறுப்பு உடுத்தினார்கள் என்று எழுதினால் பாதி உண்மைதான் எழுதியதாகும். வண்ண உடையில் வந்த பெண்களைத் தெருப் பையன்கள் துரத்தினார்கள். துணியைக் கிழித்தார்கள், திராவகம் ஊற்றியதும் உண்டு. தேசபக்தியின் பெயரால் நடந்த இந்த ரவுடித்தனத்தைப் பின்னாளைய புகழ்மாலைகள் பூசி மெழுகிவிடுகின்றன. பெர்க் ஒரு பக்கம் கறுப்புக்கு அபராதம் போட்டார் என்றால், இன்னொரு பக்கம் தெரு வண்ணத்துக்கு அபராதம் போட்டது. நடுவில் கடைக்குப் போக வேண்டியிருந்தவள் பாடு யாருக்குத் தெரியும்?

துக்கம் மதங்களைத் தாண்டியும் போனது. ஐவரின் இறுதி ஊர்வலத்தில் கத்தோலிக்கப் பாதிரியாருடன் தலைமை ரபி பெர் மைசெல்ஸும் நடந்தார். யூத வீட்டுப் பெண்களும் கறுப்பு உடுத்தினார்கள். 1861 ஏப்ரல் 8 அன்று அரண்மனைச் சதுக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, விழுந்தவர் கையிலிருந்து சிலுவையை வாங்கித் தூக்கிப் பிடித்துச் சுடப்பட்டவன் மிகால் லாந்தி என்ற யூத மாணவன். அன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

கிளர்ச்சி தொடங்கியதும் துக்கம் வேலையாக மாறியது.

முதல் வேலை காயத்துக்கான துணி. பஞ்சு வைத்துக் கட்டும் பழக்கம் அப்போது இல்லை. பழைய லினன் விரிப்பு, சட்டை, மேசைத்துணி எல்லாவற்றையும் கிழித்து, நூல் நூலாகப் பிரித்து, அந்த நூல்கற்றையைத்தான் புண்ணில் அடைப்பார்கள். மாலை நேரத்தில் விளக்கைச் சுற்றிப் பாட்டி, அம்மா, பள்ளிக்கூடத்துப் பெண் எல்லோரும் உட்கார்ந்து நூல் பிரிப்பது அந்தக் குளிர்காலம் முழுக்க நடந்தது. மேசைமேலே தேநீர், மேசைக்கடியில் கூடை. சிப்பாய் எட்டிப் பார்த்தால் கூடைமேல் ஒரு தையல் வேலை. கிருமிகளைக் கொன்று அறுவை செய்யும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867-இல்தான். அதனால் இவ்வளவு அன்பாகப் பிரித்த நூலே பல புண்களைச் சீழ் பிடிக்க வைத்திருக்கும். அன்றைய ஐரோப்பாவின் எந்தப் போர்க்களத்திலும் நிலைமை இதுவே.

வார்சாவில் இந்த வேலைகளை ஒழுங்குபடுத்தியவர் செவெரினா ப்ருஷாக்கோவா என்ற எழுத்தாளர். ஐந்து ஐந்து பேராகப் பெண்களைச் சேர்த்தார். அதனால் ‘ஐவர் குழுக்கள்’ என்றே பெயர். பணம் திரட்டுவது, காயம்பட்டவரை ஒளித்துவைத்துப் பார்ப்பது, சிறையிலிருப்பவருக்குச் சாப்பாடும் மாற்றுத் துணியும் அனுப்புவது, ஆண் இல்லாத குடும்பத்துக்கு வாடகைக்கும் விறகுக்கும் வழி செய்வது எல்லாம் இவர்கள் பொறுப்பு. சிறு குழு என்பதால் ஒருத்தி பிடிபட்டாலும் வலை முழுதும் அறுந்துவிடாது. ப்ருஷாக்கோவாவைப் போலீஸ் நெருங்கியபோது அவர் நாட்டைவிட்டுத் தப்பிப் பாரிசுக்குப் போனார். கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த லிவிவ் நகரத்தில் ஃபெலிட்ஸியா வாசிலெவ்ஸ்கா என்ற ஆசிரியை இதேபோலப் பெண்களைத் திரட்டினார். 1831 கிளர்ச்சியில் மருத்துவச் சேவை செய்த கிளாவ்தினா பொட்டோட்ஸ்காவின் பெயரைத் தம் அமைப்புக்கு அவர்கள் சூட்டிக்கொண்டார்கள். முப்பது ஆண்டுக்கு முந்தைய நினைவு பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்துகொண்டே இருந்தது என்பதற்கு இதுவே அடையாளம்.

இனி அந்தக் கூட்டுப் பாவாடை. அதன் அடியில் கடிதம், துண்டறிக்கை, தோட்டா, மருந்து எல்லாம் பயணம் செய்தன. ரகசிய அரசாங்கத்துக்கு அலுவலகம் கிடையாது. அது உயிரோடிருக்க மூன்று பொருள் தேவை: தபால், பணம், படுக்க ஓர் அறை. மூன்றுமே பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தன. சீக்காளி அத்தையைப் பார்க்கப் போகிறேன் என்று ரயிலேறும் பெண்ணை எந்தக் காவலனும் அவ்வளவு சுலபமாகச் சோதித்துவிட முடியாது. வீட்டுச் சொந்தக்காரி, தையற்காரி, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சர் எல்லாம் தூதர்கள் ஆனார்கள்.

எழுத்து வேலையிலும் பெண் கை இருந்தது. ரகசிய அரசாங்கத்தின் ஜனவரி 22 பிரகடனத்தை நாம் முன்பே முழுதாகப் பார்த்தோம். விவசாயிக்கு நிலம் சொந்தம் என்று அறிவித்த அதே பிரகடனம். அதன் நடையைச் செப்பனிட்டவர்களில் ஒருவர் மரியா இல்னிட்ஸ்கா என்ற கவிஞர். ரகசிய அரசாங்கத்தின் ஆவணங்களைப் பாதுகாக்கும் வேலையும் அவருடையது. பிடிபட்டால் தூக்குமேடைக்கு இட்டுச்செல்லக்கூடிய காகிதங்கள் அவை.

நகரத்தைவிடக் கிராமத்துப் பண்ணைவீடுகளின் நிலை மோசம். ராத்திரி காட்டிலிருந்து நாற்பது பேர் வருவார்கள். ரொட்டி, கஞ்சி, குதிரைக்குத் தீனி, காய்ந்த காலுறை, காயம்பட்ட இருவருக்கு வைக்கோல் அறையில் இடம். எல்லாம் விடிவதற்குள் முடிய வேண்டும். காலையில் ஜாரின் குதிரைப்படையான கோசாக்குகள் வருவார்கள். அவர்களுக்கும் தீனி போட வேண்டும், முகம் மாறாமல். காட்டிலிருந்து வந்தவர்களுக்கு உதவினால் பண்ணை பறிபோகும். கோசாக்குகளிடம் வாய் தவறினால் கிளர்ச்சியாளர்களின் காவல்படை துரோகி என்று தூக்கில் போடும். அப்படிப் பலர் தொங்கினார்கள். பண்ணையார் காட்டிலோ சிறையிலோ இருக்க, கணக்கு, விதைப்பு, கூலி, இந்த இரட்டை விருந்தோம்பல் எல்லாம் பண்ணையாரம்மா தலையில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மோதல்கள் நடந்த கிளர்ச்சி இது. ஒவ்வொரு மோதலுக்கும் பக்கத்தில் ஒரு சமையலறை இருந்தது. சண்டைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டவர்கள் சமையலறைகளைக் கணக்கெடுக்கவில்லை.

துப்பாக்கி எடுத்த பெண்களும் இருந்தார்கள். ஐரோப்பா முழுக்கப் பேர் போனவர் ஹென்ரிக்கா புஸ்தோவுய்தூவ்னா. தகப்பன் ரஷ்ய ராணுவத்து ஜெனரல், தாய் போலந்துக்காரி. லுப்ளினில் தேசப் பாடல் பாடியதற்காக ரஷ்யாவின் உட்பகுதியில் உள்ள மடத்துக்கு நாடு கடத்தினார்கள், வழியிலேயே தப்பினார். 1863-இல் ஆண் உடையில், மிகால் ஸ்மோக் என்ற பெயரில், தளபதி லாங்கியேவிச்சின் உதவி அதிகாரியாகச் சேர்ந்தார். மாவோகோஷ்ச், க்ரோகோவிஸ்கா சண்டைகளில் உடனிருந்தார். மார்ச் 19-ஆம் தேதி வாக்கில் லாங்கியேவிச் எல்லை தாண்டியபோது ஆஸ்திரியர்கள் இருவரையும் பிடித்தார்கள். சீருடையில் அவர் நிற்கும் படம் கைக்கு அடக்கமான அளவில் விற்றுத் தீர்ந்தது.

அந்தப் படத்தோடு கதையை நிறுத்துவதுதான் வழக்கம். ஆனால் அதற்குப் பிறகும் அவர் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். பாரிசில் செயற்கைப் பூக்கள் செய்து வயிறு கழுவினார். 1870 போரில் காயம்பட்ட பிரெஞ்சுக்காரர்களுக்குச் செவிலியராக இருந்தார். கிளர்ச்சிக் காலத்தில் பழகிய ஒரு மருத்துவரை 1873-இல் மணந்து, பிள்ளைகள் பெற்று, 1881-இல் இறந்தார். குதிரைமேல் இருந்தது சில வாரங்கள். பூக்கட்டியது பல ஆண்டுகள்.

மரியா பியோத்ரோவிச்சோவாவுக்கு அந்தப் பிற்கால வாழ்க்கையும் கிடைக்கவில்லை. கணவரோடு சேர்ந்து படைக்குப் போனவர். 1863 பிப்ரவரி 24 அன்று வூச் நகருக்கு அருகே தோப்ரா என்ற இடத்தில் கோசாக்குகள் சூழ்ந்தபோது சரணடைய மறுத்துக் கொல்லப்பட்டார். அப்போது அவர் கர்ப்பிணி. பெண்களைப் போர் அணியில் சேர்க்க வேண்டாம் என்று ரகசிய அரசாங்கம் சொன்னதற்கு இந்தச் சாவும் ஒரு காரணம் என்பார்கள்.

இதுவரை சொன்ன பெயர்களில் ஒன்றுகூட விவசாயக் கூலி வீட்டுப் பெயர் அல்ல என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தற்செயல் அல்ல. எழுதத் தெரிந்தவர்கள் பண்ணைவீட்டுப் பெண்கள். நினைவுக்குறிப்பும் கடிதமும் அவர்களுடையவை. பண்ணைக்குத் தலைமுறை தலைமுறையாக உழைத்துக் களைத்த குடியானவப் பெண்ணுக்கு இந்தக் கிளர்ச்சி ‘துரைமார்களின் சண்டை’யாகவே பல இடங்களில் தெரிந்தது. சிலர் ரொட்டி கொடுத்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள், சிலர் காட்டிக்கொடுத்தார்கள். கிளர்ச்சி அரசு காகிதத்தில் கொடுத்த நிலத்தை, 1864 மார்ச் 2 ஆணையின்படி ஜார் அரசு கையில் கொடுத்தது. அந்தப் பெண் யாருக்கு நன்றி சொல்லியிருந்தாலும் நாம் அவளைக் குறை சொல்ல முடியாது.

வடக்கே லித்துவேனியாவில் ஆளுநர் முராவ்யோவ் பெர்க்கைவிடக் கடுமையானவர். ‘தூக்குப்போடுபவர்’ என்றே அவருக்குப் பெயர். கறுப்பு உடைக்கு அங்கே முதல் தடவை 25 ரூபிள், அடுத்த தடவை இரு மடங்கு. அதோடு விடவில்லை. கிளர்ச்சியாளருக்கு உதவியதாகச் சொல்லி முழுக் கிராமங்களையே அழித்தார். பியாவிஸ்தோக் அருகே யாவோரூவ்கா என்ற ஊரைக் கொளுத்தி, பெண்கள் குழந்தைகள் உட்பட அனைவரையும் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் எத்தனை பேர் துப்பாக்கியைக் கையால் தொட்டிருப்பார்கள்?

அதே கோடையில் கோப்ரின் பகுதியில் லுத்வினூவ் பண்ணையில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஒரு மனிதரை வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். தோற்றுக் கலைந்த படையின் தலைவர் அவர், உடல்நலமும் கெட்டிருந்தது. தேடுதல் நெருங்கியதும், நோயாளி உறவினர் என்று சொல்லித் தன் வண்டியிலேயே ஏற்றி எல்லைவரை கொண்டுபோய் விட்டார். அந்த மனிதர் ரோமுவால்ட் ட்ராவ்குட். அக்டோபரில் கிளர்ச்சி முழுவதற்கும் தலைவரானவர். அந்த வண்டியை ஒரு காவலன் நிறுத்தி ஒழுங்காகச் சோதித்திருந்தால் இந்தத் தொடரின் அடுத்த மூன்று அத்தியாயங்களுக்கு வேலையே இருந்திருக்காது. வண்டி ஓட்டிய பெண் எலிசா ஒஷெஷ்கோவா, பிற்காலத்தில் போலந்தின் மிகப் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவர்.

வார்சாவில் ட்ராவ்குட் மிகால் சார்னெட்ஸ்கி என்ற வியாபாரியாக ஸ்மோல்னா தெருவில் ஹெலெனா கிர்கோரோவாவின் வீட்டில் தங்கினார். அந்த அம்மாள் முன்னாள் நாடக நடிகை. ஆறு மாதம் ஒரு நாட்டின் தலைமை அலுவலகம் ஒரு நடிகையின் வாடகை அறையில் நடந்தது. 1864 ஏப்ரல் 10 இரவு போலீஸ் வந்தது. ஆகஸ்டு 5 அன்று ட்ராவ்குட்டையும் இன்னும் நால்வரையும் கோட்டைச் சரிவில் தூக்கிலிட்டார்கள். கிர்கோரோவா சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்.

ஒஷெஷ்கோவாவின் கணவரும் நாடு கடத்தப்பட்டார், பண்ணை பறிபோனது. பதினாறு பதினேழு வயதில், இரு மடங்கு வயதுள்ளவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவர் அவர். கணவர் பின்னால் அவர் போகவில்லை. பனிப்பாதையில் கணவனைப் பின்தொடர்ந்தவளைத் தெய்வமாக்கிய சமூகம் அது. அதில் இந்த முடிவு எவ்வளவு கனமானது என்று யோசித்துப் பாருங்கள். மணவிலக்குக்கு வழக்காடிப் பெற்று, கிரோட்னோவில் குடியேறி, எழுதிப் பிழைத்தார். 1873-இல் வந்த ‘மார்தா’ நாவலில் ஓர் இளம் விதவை குழந்தையோடு வார்சாவில் வேலை தேடி அலைகிறாள். கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் பியானோ, கொஞ்சம் ஓவியம் தெரியும். சம்பளம் கிடைக்கும் அளவுக்கு எதுவும் தெரியாது. கிளர்ச்சிக்குப் பின் ஆயிரக்கணக்கான வீடுகளின் நிலைமை அதுவே. கணவன் கல்லறையில், நிலம் கருவூலத்தில், பெண்ணுக்குத் தொழில் தெரியாது.

அந்தத் தேவையிலிருந்துதான் போலந்தில் பெண் கல்விக் கோரிக்கை பலம் பெற்றது. மேடைப் பேச்சிலிருந்து அல்ல. ஆவணம் காத்த இல்னிட்ஸ்கா 1865 முதல் ‘ப்ளூஷ்ச்’ என்ற பெண்கள் வார இதழை முப்பது ஆண்டுகள் நடத்தினார். ரஷ்யப் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவைத் திறக்காததால் எண்பதுகளில் வார்சாவில் ‘பறக்கும் பல்கலைக்கழகம்’ தொடங்கியது. தனியார் வீடுகளில், வாரத்துக்கொரு விலாசத்தில் வகுப்பு. ஐவர் குழுக்கள் கற்றுக்கொடுத்த அதே தந்திரம். இந்த முறை ஒளித்தது தோட்டாவை அல்ல, பாடப் புத்தகத்தை. அங்கே படித்த மாணவிகளில் ஒருத்தி 1867-இல் பிறந்த மரியா ஸ்க்வொதோவ்ஸ்கா. மேரி கியூரி என்று நமக்குத் தெரியும்.

சைபீரியாவுக்கும் ரஷ்யாவின் உட்பகுதிக்கும் போனவர்களை இங்கே ஒரு வரியோடு விட்டிருக்கிறேன். அவர்களில் ஏவா கொஷெனியோவ்ஸ்கா என்ற பெண் கிளர்ச்சிக்கு முந்தைய ஆண்டே கணவருடனும் நான்கு வயது மகனுடனும் வோலோக்தாவுக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய தம்பி ஸ்டெஃபான் போப்ரோவ்ஸ்கி ரகசிய அரசாங்கத்தை நடத்தியவர்களில் ஒருவர். ஏவா 1865 ஏப்ரலில் செர்னிகோவில் காசநோயால் இறந்தார். மகன் பிற்காலத்தில் ஜோசப் கான்ராட் என்ற பெயரில் ஆங்கிலத்தில் நாவல் எழுதினான். அந்தக் குடும்பத்தின் பயணத்தோடு அடுத்த அத்தியாயம் தொடங்கும்.